முதல் ஸ்டிக்கர் எங்க கடையிலதான்

வாங்கம்மா, வாங்க. போர்டைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க? ‘விற்பனைக்குப் பெண் ஆள் தேவை’ன்னு. நானே எழுதுன போர்டுதான், எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், கண்டுக்காதீங்க. வெயில்ல நிக்காம உள்ள வாங்க. இந்தா, ஃபேனுக்கு நேரா நில்லுங்க, காத்து நல்லா வரும். அங்க பெட்டி கெடக்கு, கால்ல இடிச்சுக்காதீங்க. தீபாவளிச் சரக்கு, நேத்துத்தான் எறங்குச்சு.

வேலையைப் பத்திச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிரணும். இந்த இடம் ஏன் காலியாச்சுன்னு வெளியில நீங்க விசாரிச்சா ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாக. சாத்தூர்ல இந்த மெயின் ரோட்டுல மட்டும் நாப்பத்தாறு கடை. நாப்பத்தஞ்சு கடையிலயும் ஒரு கதை ஓடுது, நாப்பத்தஞ்சுலயும் நான்தான் கோமாளி. மிச்சம் இருக்கிறது என் கடை. நானும் சொல்லிட்டேன்னா எல்லாக் கடையும் சரியாப் போயிரும்.

என் பேரு தனுஷ்கோடி. இந்தக் கடை எங்கப்பா வச்சது, பாக்கியம் ஜவுளி ஸ்டோர். பாக்கியம் எங்கம்மா பேரு. நான் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். பதினோரு வருசமா நான்தான். பெருமைக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க, வேற யாரும் வரலை. செயலாளர்னா நோட்டீஸ் அடிக்கணும், மினிட் புக்கு எழுதணும், பதிவாளர் ஆபீசுக்கு அலையணும். யாருக்கும் நேரமில்லை. எனக்கு மட்டும் நேரம் இருந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னா, கடையை முத்துப்பேச்சி பார்த்துக்கிட்டா.

முத்துப்பேச்சி இங்க பதினேழு வருசம் இருந்தா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. ஆளைப் பார்த்ததும் ஜாக்கெட் அளவு சொல்லுவா, டேப்பே எடுக்க மாட்டா. வாசப்படி ஏறி வர்றவுக கல்யாணத்துக்கு எடுக்க வர்றாகளா, கேத வீட்டுக்குக் கோடித்துணி எடுக்க வர்றாகளான்னு முகத்தை வச்சே கண்டுபிடிச்சு, கேக்காமலே அந்தத் தட்டுலேர்ந்து எடுத்துப் போடுவா. நான் கல்லாவுல உக்காந்திருப்பேன். அவ்வளவுதான் என் யாவாரத் திறமை.

மாசம் முதல் திங்கக்கிழமை சங்கக் கூட்டம். அதுக்கு நான் ஒரு தாள் போடுவேன். ‘சட்டத் தகவல்’னு தலைப்பு, முன்னும் பின்னும் ரெண்டு பக்கம், ஜெராக்ஸ். சின்னக் கடைக்காரங்களுக்கும் நம்மள மாதிரிச் சங்கங்களுக்கும் சர்க்கார்ல என்ன புதுசா வந்திருக்கு, எதுக்கு எந்த ஃபாரம், எது கடைசித் தேதி, எல்லாம் அதுல இருக்கும். பேர்ப் பலகையில தமிழ் எவ்வளவு பெருசா இருக்கணும், தராசுக்கு எப்ப முத்திரை குத்தணும், சங்கத்துல நிர்வாகி மாறுனா பதிவாளருக்கு எப்ப எழுதிப் போடணும். பேப்பர்ல வர்றதை வெட்டி வைப்பேன், ஆடிட்டர் ஆபீஸ்ல போய்க் காத்துக் கெடந்து கேப்பேன். ஒரு தாளுக்கு மூணு நாள் உழைப்பேன். கூட்டத்துல மைக் வச்சு வாசிச்சும் காட்டுவேன். பதினஞ்சு பேர் இருக்கிற ரூமுக்கு எதுக்கு மைக்குன்னு கேக்காதீங்க. மைக் இருந்தாத்தான் எனக்குச் சட்டம் வாயில வரும்.

படிப்பாகளான்னா, எங்க படிச்சாக! காஜா பாய்னு ஒருத்தர், எதிர்த்த வரிசையில மூணாவது கடை, பாத்திரக்கடை. அவர்தான் சங்கத் தலைவர். கண்ணாடி டம்ளர் வாங்குனா என் தாளைத்தான் சுத்திக் குடுப்பாரு. "அண்ணாச்சி, உங்க தாள் மாதிரி கெட்டித் தாள் சிவகாசியிலகூடக் கெடைக்காது"ம்பாரு. நானும் அதைப் பாராட்டுன்னு ரெண்டு வருசம் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தப் பக்கம் வெயில் அடிக்குதா? இல்லையே? சரி.

போன ஆனி மாசம். ஒரு பழைய பேப்பரைப் புரட்டிக்கிட்டிருக்கும்போது கண்ணுல பட்டுச்சு. கடையில வேலை செய்யறவங்க நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது, உக்கார இருக்கை குடுக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கெடைக்கும்போது உக்கார விடணும்னு சட்டம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சட்டம் வந்து வருசக்கணக்காச்சு, எனக்குத்தான் அன்னிக்கு வந்துச்சு. ஆனாலும் நான் ‘அண்மைச் செய்தி’ன்னு கட்டம் கட்டிப் போட்டேன்.

அந்த மாசக் கூட்டத்துல நான் பேசுனது மாதிரி வாழ்க்கையில பேசுனதில்லைம்மா. எல்லாரும் முனகுனாக. "நிக்கிறதுக்கே இடமில்லை, இதுல ஸ்டூலை எங்க போட?"ன்னு காஜா பாய் கேட்டாரு. "எங்கப்பா காலத்துலேர்ந்து யாவாரம்னா நின்னுதான்"னு இன்னொருத்தர். நான் மைக்கை நல்லாக் கிட்டத்துல வச்சுக்கிட்டு ஒரு உதாரணம் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. காலையில ஒம்பதரைக்குக் கடையில வந்து நின்னா, கடை பூட்டுறவரைக்கும் நிக்கிறாக. சாயங்காலம் ஆனா கணுக்கால் ரெண்டும் உப்பிப்போய்ச் செருப்பு நுழைய மாட்டேங்குது. கெண்டைக்கால்ல நரம்பு பச்சையாப் புடைச்சுச் சுருண்டு கெடக்கு. பஸ்ஸுல ஏறும்போது கையால காலைத் தூக்கி வைக்கிறாக. இதையும் பார்த்துட்டு நாம வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கிறோம்னா, நாமெல்லாம் மனுசங்கதானா?"

கை தட்டுனாகம்மா. பதினோரு வருசத்துல முதல் தடவை. காஜா பாய் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு.

அந்த அம்மா யாருங்கிறீங்க? முத்துப்பேச்சிதான். நான் தினம் பார்க்கிற காலுதான். அன்னிக்கு ரூமோட கடைசியில நின்னு எல்லாருக்கும் என் தாளைக் குடுத்துக்கிட்டிருந்தவளும் அவதான், கூட்டத்தன்னைக்கு அவளையும் கூட்டிட்டுப் போறது வழக்கம். நான் பேசி முடிச்சதும் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. நல்லாப் பேசுறாரேன்னு பார்க்கிறா போலன்னு நினைச்சு, நான் தலையை வேற ஆட்டுனேன். எனக்கு ஒண்ணுமே உறைக்கலை. சத்தியமா உறைக்கலைம்மா. உதாரணம் நல்லா அமைஞ்சுதுன்னு ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன்.

அப்புறம் சும்மா விடலாமா? ஆடி மாசம் பூரா அதே வேலை. அச்சாபீஸ்ல பச்சைக் கலர்ல ஸ்டிக்கர் அடிச்சேன். ‘இக்கடையில் பணியாளருக்கு இருக்கை உண்டு – மெயின் ரோடு வியாபாரிகள் சங்கம்.’ ஒரு நோட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கடை கடையா ஏறுனேன். ஸ்டூலைக் கண்ணால பார்த்தாத்தான் ஸ்டிக்கர். மருந்துக்கடையில ஒரு முக்காலியைக் காட்டுனாக, அதுல மருந்துப் பெட்டி அடுக்கியிருந்துச்சு. "உக்கார முடியாத இருக்கை இருக்கையே இல்லை"ன்னு சொல்லிட்டு ஸ்டிக்கரைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன். அவ்வளவு கறார்.

காஜா பாய் கடைக்கு மட்டும் அஞ்சு தடவை போனேன். கடைசியில மனுசன் குடம் அடுக்குற இடத்தை ஒதுக்கி ஒரு செவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டாரு. அதுலயும் ஒரு காலு கம்பி வச்சுக் கட்டுனது. "போதுமா அண்ணாச்சி? இனிமே என் கடைக்குத் துணைக்கு ஒரு ஆளையும் நீங்களே பார்த்து விடுங்க"ன்னு கேலி பண்ணாரு. நானும் சிரிச்சேன்.

முதல் ஸ்டிக்கர் எங்க ஒட்டுனேன்னு கேளுங்க. இங்கதான். அந்தா, கண்ணாடிக் கதவுல, இன்னும் இருக்கு பாருங்க. அச்சாபீஸ்லேர்ந்து மாதிரிக்கு ஒண்ணு வந்துச்சு, வந்ததும் ஒட்டியாச்சு. செயலாளர் கடையிலயே இல்லைன்னா எப்படி? ஒட்டுனது முத்துப்பேச்சி. எட்டலைன்னு ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, காத்துக் குமிழியை எல்லாம் முந்தானையால நீவி நீவி ஒட்டுனா. ஒட்டிட்டு ஒருக்கா வாசிச்சா. எழுத்துக் கூட்டி இல்லை, பத்தாவது படிச்சவ. வாசிச்சுட்டுக் கடையைச் சுத்தி ஒரு பார்வை பார்த்தா.

"சரியா இருக்கா?"ன்னேன். நேரா ஒட்டியிருக்கான்னு கேட்டேன்.

"ஒட்டியாச்சு அண்ணாச்சி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

நோட்டுல எங்க கடைக்கு நேரா ‘இருக்கைகள் – மூணு’ன்னு எழுதுனேன். எது மூணுன்னா, என்னோட கல்லா நாற்காலி ஒண்ணு. சேலை எடுக்க வர்றவுக உக்கார்ற பெஞ்சு ஒண்ணு. மேல் தட்டுல துணி எடுக்க ஏறுற மர ஸ்டூல் ஒண்ணு. பொய்யா எழுதலைம்மா. உண்மையிலேயே மூணு இருந்துச்சுல்ல?

சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்லை. அந்த அலமாரியில சாஞ்சுக்காதீங்க, பெயிண்ட் கொஞ்சம் ஒட்டுது.

ஆவணியில பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு. ‘முன்மாதிரி வியாபாரிகள் சங்கம்’னு நாலு வரி. அதைப் பார்த்துட்டுத் தொழிலாளர் துறையிலேர்ந்து ஒரு ஆய்வாளர் அம்மா வந்துட்டாக. சின்ன வயசு, மரியாதையான பொண்ணு. "சார், ஒரு கடையைப் பார்க்கலாமா?"ன்னாக. நாப்பத்தாறு கடை இருக்கும்போது நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? நேரா இங்கதான்.

அவுக நோட்டையெல்லாம் பார்க்கலை. நேரா முத்துப்பேச்சிகிட்டப் போனாக. "உங்களுக்கு உக்கார இடம் இருக்காம்மா?"ன்னு கேட்டாக.

முத்துப்பேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தா. "இருக்குங்கம்மா."

"எதும்மா?"

மர ஸ்டூலைக் கையைக் காட்டுனா.

"உக்காந்து காட்டுங்களேன்."

உக்காந்தா. பதினேழு வருசத்துல இந்தக் கடைக்குள்ள அவ உக்காந்து நான் பார்த்தது அன்னிக்குத்தாம்மா. ஆளே வேற மாதிரித் தெரிஞ்சா. அவ உசரமே இவ்வளவுதானான்னு தோணுச்சு. கையை மடியில எப்படி வைக்கிறதுன்னு தெரியாம, ஒரு கையை எடுத்து இன்னொரு கை மேல வச்சுக்கிட்டா. ஆய்வாளர் அம்மா "ரொம்ப நன்றி சார்"னு எங்கிட்டக் கை குடுத்துட்டுப் போனாக. நான் வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தா முத்துப்பேச்சி அப்படியே உக்காந்திருக்கா.

எனக்கு மனசெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்புல நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "முத்துப்பேச்சி, அந்த மேல் தட்டுல உள்பாவாடைக் கட்டு இருக்குல்ல, ஏறி எடு"ன்னேன்.

எந்திரிச்சா. உக்காந்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டா. அது மேல ஏறி நின்னு எடுத்துக் குடுத்தா.

இதைக்கூட நான் வீட்டுல எப்படிச் சொன்னேன்கிறீங்க? "பார்த்தியா, ஆய்வாளரே வந்து கேட்டும் முத்துப்பேச்சிக்கு ஒரு குறையும் இல்லை, இருக்குன்னுதான் சொன்னா"ன்னு என் வீட்டுக்காரி ஞானசுந்தரிகிட்டப் பெருமையடிச்சேன். அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தா. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா, அப்புறம் கீரையைப் பார்த்தா. எங்க வீட்டுல அதுக்கு அர்த்தம் நிறைய உண்டு, நான்தான் கவனிக்கலை.

புரட்டாசி பொறந்து ரெண்டாம் நாளு. முத்துப்பேச்சி எப்பவும் போல ஒம்பதரைக்கு வந்தா. சாமிக்குப் பூ போட்டா. கத்திரிக்கோல், டேப்பு, கடைச் சாவி மூணையும் கல்லா மேல வரிசையா வச்சா.

"இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் அண்ணாச்சி"ன்னா.

எனக்குப் புரியலை. "உடம்புக்கு முடியலையா?"

"வேற கடைக்குப் போறேன்."

"எந்தக் கடைக்கு?"

"காஜா பாய் கடைக்கு."

"பாத்திரக்கடைக்கா? துணி யாவாரம் தெரிஞ்ச பொம்பளை, குடத்தைத் தட்டிப் பார்த்துக்கிட்டு உக்காரவா போற?"

"ஆமா அண்ணாச்சி. உக்காரத்தான் போறேன். அங்க ஸ்டூல் போட்டிருக்காக."

எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "அதைப் போடச் சொன்னதே நான்தான்!"னு கத்துனேன்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க சொல்லித்தான் போட்டாக"ன்னா. நக்கல் இல்லைம்மா. நன்றியோட சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் தாங்கலை.

அந்த மாசம் பூரா ஒழுங்கா வந்தா, நின்னா, வேலை பார்த்தா. நான்தான் முகம் குடுத்துப் பேசலை. ஐப்பசி முதல் தேதி காஜா பாய் கடைக்குப் போயிட்டா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும். நான் பேனாவை எடுத்தேன். தீர்மானம் எழுதுனேன்மா. ‘சங்க உறுப்பினர் ஒருவரின் கடைப் பணியாளரை, மற்றொரு உறுப்பினர் அவரது சம்மதமின்றி வேலைக்குச் சேர்க்கக் கூடாது.’ நல்ல தமிழ், நல்ல கையெழுத்து. இந்த மாசக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு வாசிச்சேன். அன்னிக்குன்னு பார்த்து எல்லாரும் வந்திருந்தாக, நாப்பத்தாறு கடையும். வேடிக்கைன்னா யாரும் வராம இருக்க மாட்டாகல்ல. சட்டத் தகவலுக்கு வராத ஆளுக எல்லாம் முன் வரிசையில.

வாசிச்சு முடிச்சேன். காஜா பாய் மெதுவா எந்திரிச்சாரு. ஜோப்புலேர்ந்து ஒரு தாளை எடுத்தாரு. கசங்குன தாளு. நீவி நீவி விரிச்சாரு. டம்ளரோட அடி வட்டம் அதுல பதிஞ்சு கெடக்கு.

"அண்ணாச்சி, இது உங்க சட்டத் தகவல். போன வருசம் மார்கழியில போட்டது. ரெண்டாம் பக்கம்"னாரு. வாசிச்சாரு. "பணியாளர் எந்தக் கடையில் வேலை செய்வது என்பது அவரது உரிமை. முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து விலகுபவரைத் தடுக்கவோ, அவரைச் சேர்த்துக்கொள்பவரை மிரட்டவோ எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. உறுப்பினர்கள் இதை நன்கு கவனத்தில் கொள்ளவும்."

கீழ என் கையெழுத்து. ‘நன்கு’க்கு அடியில கோடு வேற போட்டிருக்கேன்.

கூட்டமே சிரிச்சுது. மருந்துக்கடைக்காரரு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. எனக்கு இன்னொண்ணும் தோணுச்சு. நம்ம தாளை ஒருத்தராவது படிச்சிருக்காரேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஓரமாச் சந்தோஷம் வந்துச்சு. என்ன ஜென்மம் பாருங்க. அப்புறம் செயலாளர்ங்கிற முறையில மினிட் புக்குல நானே எழுத வேண்டியதாப் போச்சு, ‘செயலாளர் கொண்டுவந்த தீர்மானம் செயலாளரின் சுற்றறிக்கைக்கு முரணாக இருந்ததால் கைவிடப்பட்டது’ன்னு.

வீட்டுக்கு வந்து கொதிச்சேன். "ஒரு உடைஞ்ச ஸ்டூலுக்காகப் பதினேழு வருசத்தை விட்டுட்டுப் போயிட்டாளே"ன்னேன். அப்பத்தான் ஞானசுந்தரி வாயைத் தொறந்தா.

"ஸ்டூலுக்காகவா போனா? நீங்க ஒரு தடவை ‘உக்காரு முத்துப்பேச்சி’ன்னு சொல்லியிருந்தா அவ தரையிலகூட உக்காந்திருப்பா. ஊர் பூராம் அவ காலைப் பத்திப் பேசுனீங்க. அவகிட்டப் பேசுனீங்களா?"

அன்னிக்குத்தாம்மா உறைச்சுது. மொத்தமா உறைச்சுது. அந்தக் கூட்டத்துல அவ என்னைப் பார்த்த பார்வை, ஸ்டிக்கர் ஒட்டிட்டுக் கடையைச் சுத்திப் பார்த்த பார்வை, எல்லாம் ஒண்ணொண்ணா வந்து நின்னுச்சு. அவ என்னைப் பாராட்டலை. நான் சொன்னதை நம்பிக் காத்துக்கிட்டிருந்திருக்கா. சோறு எறங்கலை எனக்கு.

மறுநா காஜா பாய் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன், ஆனா கையில நோட்டோட போனேன், ஸ்டிக்கரைச் சரிபார்க்க வந்த மாதிரி. முத்துப்பேச்சி அந்தச் செவப்பு ஸ்டூல்ல உக்காந்து ஒரு குத்துவிளக்கைத் தொடச்சுக்கிட்டிருந்தா. காலை ஒரு கவுத்துன அண்டா மேல நீட்டி வச்சிருந்தா. என்னைப் பார்த்ததும் விறுக்குன்னு எந்திரிச்சா. பழக்கம்.

அப்ப நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லணும்னுதான் போனேன். வாயில வரலைம்மா. மைக்குல மணிக்கணக்காப் பேசுற வாயி. "நோட்டுல ஒரு கையெழுத்து வேணும்"னு காஜா பாயைப் பார்த்துச் சொல்லிட்டேன். பாய்தான், "நீ ஏம்மா எந்திரிக்க, உக்காரு"ன்னாரு. அவ உக்காந்தா. நான் கையெழுத்தை வாங்கிட்டு வந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

ஆனா திருந்திட்டேன், அதைச் சொல்லணும்ல. அன்னிக்கே போய் ஒரு நாற்காலி வாங்கிட்டேன். ஸ்டூல் இல்லை, நாற்காலி. முதுகுக்குச் சாய்மானம், அடியில மெத்தை, நல்ல நீலக் கலரு. கடையில வேலைக்கு வர்றவுகளுக்குன்னே வாங்குனது. இனிமே எந்த ஆய்வாளர் வந்தாலும் தலை நிமிர்ந்து காட்டலாம். அந்தா இருக்கு, அந்தப் பெட்டிகளுக்கு அடியில. சரக்கு வைக்க இடமில்லை, ரெண்டு நாளைக்குன்னு அதுமேல ஏத்தி வச்சிருக்கேன்.

போர்டு மாட்டுன இந்தப் பத்து நாள்ல ரெண்டு பேர் வந்தாக. நான் ஒளிவுமறைவு இல்லாத ஆளு. ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் கதையை முழுசாச் சொன்னேன், ஒரு வார்த்தை விடலை. ஒருத்தி பாதியில தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு போனவதான். இன்னொருத்தி முடியுறவரைக்கும் நின்னு கேட்டா, ‘யோசிச்சுச் சொல்றேன்’னுட்டுப் போயிட்டா. ஏன்னே தெரியலை. இந்தக் காலத்துல உண்மையைச் சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்லை போல.

நீங்க பரவாயில்லை. பொறுமையாக் கேட்டீங்க. நடுவுல கால் மாத்திக் கால் மாத்தி நின்னீங்க, பார்த்தேன், ஆனா முகம் சுளிக்கலை. யாவாரத்துக்கு அதுதான் வேணும்.

என்னம்மா? கேளுங்க, என்ன கேக்கணும்னாலும் கேளுங்க.

முத்துப்பேச்சி அனுப்புனாளா? உங்களையா? போர்டைப் பார்த்து வரலையா நீங்க? நீங்க அவளுக்கு என்ன வேணும்? நாத்தனாரா! அடக் கடவுளே, முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு அவ கதையை உங்களுக்கே சொல்லிக்கிட்டிருக்கேன். நல்லா இருக்காளா? கால் வீக்கம் வத்திருச்சா? ம். ம். சந்தோஷம்மா. நெசமாவே சந்தோஷம்.

என்ன சொல்லி அனுப்புனா? சும்மா சொல்லுங்க. நான் கோவிச்சுக்கிற கட்டத்தை எல்லாம் தாண்டி வந்துட்டேன்.

‘அண்ணாச்சி நல்ல மனுசரு, ஏமாத்த மாட்டாரு’ன்னாளா? பார்த்தீங்களா, என்ன இருந்தாலும் அவ அவதான். அப்புறம்? ‘போனதும் ஒரு கதை சொல்லுவாரு, நீளமாத்தான் இருக்கும், கேட்டுக்கோ’ன்னாளா? சரியாத்தான் சொல்லியிருக்கா. அப்புறம்?

‘கதை முடியுறதுக்குள்ள உன்னை உக்காரச் சொன்னாருன்னா அங்கயே சேர்ந்துக்கோ. சொல்லலைன்னா பேசாம வந்துரு.’

அப்படியா சொன்னா.

மணி என்னம்மா இப்ப? பன்னெண்டேகாலா? நீங்க வரும்போது முனிசிபாலிட்டிச் சங்கு ஊதி... பதினொண்ணு இருக்கும்ல?

இருங்க, இருங்க. செருப்பைப் போடாதீங்கம்மா. ஒரு நிமிசம். இந்தப் பெட்டியை... நீங்க பிடிக்காதீங்க, நீங்க தொடவே கூடாது, நானே எறக்குறேன். ஒண்ணு. ரெண்டு. கெடக்கட்டும் கீழ, சரக்கு எங்கயும் ஓடிப் போகாது. இந்தா, நாற்காலி. பாலிதீன்கூட இன்னும் பிரிக்கலை, என் லட்சணத்தைப் பாருங்க. தள்ளிக்கங்க, கிழிச்சிர்றேன்.

கதை முடியலைம்மா. யாரு சொன்னா முடிஞ்சுதுன்னு? இப்பத்தான் பாதி ஆகியிருக்கு. முத்துப்பேச்சிகிட்டயும் அப்படித்தான் சொல்லணும், அண்ணாச்சி பாதிக் கதையிலதான் இருந்தாருன்னு. உக்காருங்க. முதல்ல நீங்க உக்காருங்கம்மா.